முன்வாசலில் தேங்கிய மழைநீரை வடித்த விதம்

மதுரையில் எங்கள் வீட்டு முன்வாசலில் பேவர் கற்கள் பதித்த முதல் ஐப்பசியிலேயே மழைநீர் சுவரோரம் தேங்கி, அங்கிருந்த செம்பருத்தியின் வேர் அழுகிப்போனது. எட்டு ஆண்டுகள் பூத்த செடி அது. கற்களைப் பெயர்த்தபோது, தரையின் வாட்டம் (சரிவு) வீட்டை நோக்கி இருந்ததும், மணலுக்கு அடியில் ஜல்லியே இல்லாததும் தெரிந்தன. மண்ணை வெட்டியெடுத்து, 10 செ.மீ. கனத்துக்கு ஜல்லி பரப்பித் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் 3 செ.மீ. மணலிட்டு, மீட்டருக்கு 2 செ.மீ. வீதம் தெருப்பக்கம் சரியுமாறு மட்டம் பார்த்து, அதே கற்களை மீண்டும் பதித்தேன். இடுக்குகளில் சிமெண்ட் பூசவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மணல் நிரப்பினால்தான் நீர் கீழிறங்கும். தாழ்ந்த ஓரத்தில் ஓரடி அகலத்தைக் கல்லின்றி விட்டு, ஈரம் தாங்கும் கல்வாழையை நட்டேன். இப்போது மழை விட்ட அரை மணி நேரத்தில் நீர் வடிந்துவிடுகிறது.