மாரியில் மேசைக் கணினி எழும்பாவிட்டால்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கல்லடி, ஆரையம்பதி போன்ற ஊர்களில், மாரி தொடங்கி வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் பிடிக்கும் நாட்களில், நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய மேசைக் கணினி திடீரென எழும்ப மறுப்பதுண்டு. புதிய பாகம் வாங்கப் பணம் எடுப்பதற்கு முன், ஆளியை அழுத்தியதும் உள்ளே விசிறி சுழல்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள், ஏனெனில் அடுத்து எங்கே தேடுவது என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

விசிறி அசையவே இல்லையென்றால், சுவர்ப் பிளக்கில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரிந்தால், மொனிட்டரின் மின்வயரைக் கழற்றிக் கணினிக்கு மாட்டுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே வகைதான். பின்புறத்துச் சிறிய ஆளி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான பவர் சப்ளை பழையதாக இருந்து, அதில் 115, 230 என்று குறித்த சிவப்பு ஆளி இருந்தால், நம் நாட்டு மின்சாரத்துக்கு அது 230இல்தான் நிற்க வேண்டும். மின் இணைப்பு இருக்கும்போது, பாகங்களெல்லாம் பொருந்தியிருக்கும் பெரிய சுற்றுப் பலகையான மதர்போட்டில் சிறு விளக்கு எரிந்தும் கணினி எழும்பவில்லையென்றால், முன்பக்க அழுத்தியோ அதன் மெல்லிய வயரோ பழுதாகியிருக்கலாம். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டே கிடந்தால், என் சந்தேகம் முதலில், மதர்போட்டில் செருகியிருக்கும் மெல்லிய நினைவகப் பலகையான ரெம்மின் மீதே விழும். சென்ற மார்கழியில் எங்கள் வீட்டுக் கணினி இப்படி நின்றபோது, மதர்போட் போய்விட்டது என்று ஒரு கடையில் சொன்னார்கள். மனம் ஒப்பாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து ரெம்மைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் கீழ் விளிம்பில் பொன்னிறமாக மின்ன வேண்டிய உலோகப் பற்களில் நான்கைந்து, தேநீர்க் கறை படிந்ததுபோல் மங்கிப் போயிருந்தன.

செய்ய வேண்டியது இதுதான். மின்வயரைக் கழற்றிவிட்டு, முன்பக்க அழுத்தியை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிய பின், ரெம்மின் இருபுறப் பூட்டுகளையும் விலக்கி, ஓரங்களைப் பிடித்து நேராக மேலே எடுங்கள். பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் அந்தப் பற்களை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளை உலர்ந்த தூரிகையால் அகற்றி, பூட்டு 'டக்' என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரெம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பது, பழுதானதைப் பிரித்தறிய உதவும்.

திரைக்குப் படத்தை அனுப்பும் தனிக் கிராபிக்ஸ் காட் உள்ள கணினியில், மொனிட்டர் கேபிள் அந்தக் காட்டிலேயே மாட்டியிருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் இணங்காவிட்டால் திருத்துமிடத்தை நாடுவதே நல்லது. ஆனால் குடும்பப் படங்கள் உள்ள ஹாட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, நீங்கள் செய்து பார்த்தவற்றை ஒரு கடதாசியில் எழுதிக் கணினியோடு கொடுங்கள்.