அகலமான வீல் போட்டால் டயர் ஏன் உரசுகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்போர்ட்ஸ் காருக்கு அகலமான வீல் போட நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை இன்ச் வரைக்கும் போகலாம்?" என்றுதான். அகலத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. கூடவே ஆஃப்செட்டும் வேண்டும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (காரில் வீல் மாட்டப்படும் நடுப்பகுதி) உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே வரும், கூடக் கூட உள்ளே போகும்.

முதல் தலைமுறை டொயோட்டா 86-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 17 இன்ச் வீலின் அகலம் 7 இன்ச், ஆஃப்செட் 48. இதைக் கழற்றிவிட்டு 9 இன்ச் அகலமும் 38 ஆஃப்செட்டும் உள்ள வீலை மாட்டினால் என்ன ஆகும்? 2 இன்ச் என்பது கிட்டத்தட்ட 51 மி.மீ.; இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக, சுமார் 25 மி.மீ. கூடும். ஆஃப்செட் 10 குறைந்ததால் மொத்த வீலும் 10 மி.மீ. வெளியே நகரும். ஆக, வெளிப்பக்கம் 35 மி.மீ., உள்பக்கம் 15 மி.மீ. கூடுதலாக வேண்டும். வாங்குவதற்கு முன்பே, இப்போதுள்ள டயரின் உள்பக்கத்துக்கும் ஸ்ட்ரட்டுக்கும் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நடுவே எவ்வளவு இடம், வெளிப்பக்கம் ஃபெண்டர் (வீலை மூடியிருக்கும் பாடித் தகடு) விளிம்பு வரை எவ்வளவு இடம் என்று அளந்து, இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலர் காசு கொடுத்து வீலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் டேப்பைத் தேடுகிறார்கள்.

அடுத்த தவறு, கார் நிற்கும்போது உரசவில்லை என்றால் வேலை முடிந்தது என்று நினைப்பது. உரசல் வருவதெல்லாம் சஸ்பென்ஷன் அமுங்கும்போதும் ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பும்போதும்தான். சரியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு, பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் கடைசிவரை அமுங்கும்போது தாங்கும் ரப்பர்) உள்ளே இருக்கும்படி ஸ்ட்ரட்டை மட்டும் திரும்ப மாட்டுங்கள். ஆன்டி-ரோல் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க்கையும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் அது எதிர்த்துப் பிடிக்கும். வீலை மாட்டி, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து, பம்ப் ஸ்டாப் அமுங்கும்வரை மெதுவாக ஏற்றுங்கள். பாதி உயரத்தில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடம், ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, ஃபெண்டரின் உள்மடிப்பு, இவைதான் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள். ஸ்ப்ரிங்கைக் கழற்றுவது ஆபத்தான வேலை. கம்ப்ரெஸர் கருவியும் பழக்கமும் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

டயரில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்புவதும் தவறு. 245 (மி.மீ. அகலம்) என்று போட்ட இரண்டு கம்பெனி டயர்கள் ஒரே அகலத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ரிம் அரை இன்ச் அகலமானால் அதே டயர் தோராயமாக 5 மி.மீ. விரியும். டிராக்குக்கான டயர்களின் தோள் சதுரமாக இருப்பதால், சாதாரண டயர் தப்பிய இடத்தில் அது உரசும். உயரத்தையும் பாருங்கள்; 215/45 என்றால் அகலம் 215 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம். 17 இன்ச்சில் 215/45 டயரின் விட்டம் சுமார் 625 மி.மீ., 245/40 சுமார் 628. அகலத்தை மட்டும் கூட்டி 245/45 போட்டால் 652 ஆகிவிடும். வீலுக்கு மேலே வளைந்திருக்கும் ஆர்ச்சை நோக்கி 13 மி.மீ.க்கு மேல் நெருங்குவதோடு, ஸ்பீடோமீட்டரும் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

உள்ளே இடிக்கிறதா, ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் தகடு போட்டுவிடலாம் என்பார்கள். போடலாம், ஆனால் ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு நட் பிடிக்கும் மரை குறைகிறது. ஸ்டட்டின் (நட் ஏறும் மரைக் கம்பி) விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளத்துக்காவது நட் ஏற வேண்டும், 12 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.5 என்றால் 8 முழுச் சுற்று. அதற்குக் குறைந்தால் நீள ஸ்டட் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். ஹப்பின் நடு வளையத்தில் கச்சிதமாக உட்காராத ஸ்பேசர் என்றால் ஸ்டீயரிங்கில் அதிர்வு வரும்.

நெகட்டிவ் கேம்பர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். டயரின் மேல்பகுதி உள்ளே சாய்வதால் ஃபெண்டரிலிருந்து விலகும். ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் கேம்பர் பிளேட்டில் சாய்த்தால் ஸ்ட்ரட்டும் வீலும் சேர்ந்தே சாயும், நடுவிலுள்ள இடைவெளி மாறாது. ஸ்ட்ரட் நக்கிளோடு (ஹப்பைத் தாங்கும் பாகம்) சேரும் கீழ் போல்ட்டில் சாய்த்தால் டயர் ஸ்ட்ரட்டை நோக்கி வரும். வெளியே இருந்த பிரச்சினை உள்ளே போய்விடும்.

ஃபெண்டர் மடிப்பைச் சுருட்டுவதாக இருந்தால், பெயின்ட்டை ஹீட் கன்னால் நன்றாகச் சூடாக்கிவிட்டுச் செய்யுங்கள். குளிரக் குளிர மடித்தால் வெடித்துவிடும், அப்புறம் துருதான்.

வெளிப்பக்க உரசலை விட உள்பக்க உரசலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஃபெண்டரில் பட்டால் சத்தம் கேட்கும். ஸ்ட்ரட்டின் ஸ்ப்ரிங் தட்டில் லேசாகப் படும் டயர், சத்தமே இல்லாமல் பக்கச் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். புது வீலோடு முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்கும்போதே, டார்ச் அடித்து டயரின் உள்பக்கத்தையும் பிரேக் ஹோஸையும் பாருங்கள். பார்க்கிங்கில் முழுதாகத் திருப்பும்போது பிளாஸ்டிக் லைனரில் லேசாகப் படுவதைச் சகித்துக்கொள்ளலாம். உள்பக்கச் சுவரைச் சுற்றிப் பளபளப்பாக ஒரு கோடு தெரிந்தால் மட்டும், அந்த வீலை அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.