பேட்டிக்கு முன் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள்

இதழியல் மாணவர்களுக்குப் போன் கேமராவில் நேர்முகப் பேட்டியைப் பதிவுசெய்யச் சொல்லித்தரும்போது, முதல் வகுப்பில் நான் கேமராவைத் திறக்கவே விடுவதில்லை. காதுதான் முதல் பாடம். படம் கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். குரல் சரியாகக் கேட்கவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

அதனால் மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோனால், அதே பதிலை அதே உணர்ச்சியோடு யாரும் மறுபடி சொல்ல மாட்டார்கள். காலர் மைக் இல்லையா? இயர்போன் மைக்கைச் சட்டையில் உரசாமல் மார்புக்கு நேரே மாட்டிவிடுங்கள். லென்ஸையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

அப்புறம் கேள்வி. "வெள்ளம் வந்தபோது பயமாக இருந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதோடு முடிந்துவிடும். "தண்ணீர் வீட்டுக்குள் வந்ததும் முதலில் எதைக் கையில் எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். பதில் முடிந்த கையோடு அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். மூன்று நொடி சும்மா இருங்கள். அந்த மௌனம் தாங்காமல் பலர் சொல்வதுதான் செய்தியின் உயிராக இருக்கும். இடையிடையே 'ம்' கொட்டாதீர்கள், அதுவும் பதிவாகும், தலையாட்டினால் போதும்.

பேட்டி முடிந்ததும் கைகள், முகம், அறை என ஒவ்வொன்றையும் 10 நொடி அசையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் இவைதான் காப்பாற்றும். பெயர், ஊர், வேலை மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். இனிஷியலை விட்டுவிடாதீர்கள்.