தொட்டிகள் பெருகும்போது: குட்டி போடும் மீன் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன்களை இனப்பெருக்கம் செய்ய வைப்பது எப்படி என்று யாரும் மண்டையைக் குடைந்துகொள்வதில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தண்ணீரில் இருந்தால் போதும், மீதியை அவையே பார்த்துக்கொள்ளும். தலைவலி அதற்குப் பிறகுதான். குட்டிகள் பெருகும், இரண்டாவது தொட்டி வரும், ரகத்துக்கு ஒன்று என்று ஐந்தாறு ஆகிவிடும். அதன்பின் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கூடாதது போய்விடுவதால் வருபவை.

முதலில் பெண் மீன் சமாச்சாரம். நல்ல ஆண் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடையில் வாங்கிய பெண்ணோடு விட்டு, பிறக்கும் குட்டிகளெல்லாம் அந்த ஆணுடையவை என்று நம்புகிறவர்கள் ஏராளம். பெண் கப்பி ஒருமுறை இணைந்தால் விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள்ளேயே சேமித்து வைத்து, ஆணே இல்லாமல் அடுத்தடுத்து குட்டி போடும். கடைத் தொட்டியில் ஆண்களோடு வளர்ந்த பெண் கன்னியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ரகம் கலங்காமல் இருக்க வேண்டுமென்றால் உங்கள் தொட்டியில் பிறந்த பெண்களையே சிறு வயதில் பிரித்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் குட்டியை ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பக்கவாட்டில் பாருங்கள். வயிற்றின் அடியில் பின்பக்கம் இருக்கும் துடுப்பு விசிறி போல் விரிந்தே இருந்து, அதையொட்டி மேலே கரும்புள்ளி தெரிந்தால் பெண். அதே துடுப்பு ஒடுங்கிக் குச்சி போல் கூர்மையாகத் தொடங்கியிருந்தால் ஆண். அதை உடனே எடுத்துவிட வேண்டும். "அடுத்த ஞாயிறு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் கதை முடிந்தது. வாள்வால் மீனில் இன்னும் கவனம் தேவை. தாமதமாக முதிரும் ஆண்கள் பல மாதங்கள் பெண் போலவே திரியும். "என் பெண் மீன் ஆணாக மாறிவிட்டது" என்று சிலர் வியப்பது பெரும்பாலும் இதைத்தான்.

எதை எதோடு விடலாம் என்பதிலும் குழப்பம் உண்டு. கப்பியும் அதன் நெருங்கிய உறவான எண்ட்லர் என்ற சிறு மீனும் தாராளமாகக் கலக்கும். பிளாட்டியும் வாள்வாலும் அப்படியே. ஆனால் கப்பியும் பிளாட்டியும் கலப்பதில்லை. தொட்டிப் பற்றாக்குறை என்றால் இந்த ஜோடியை ஒன்றாக வைக்கலாம்.

அடுத்தது ஈர வலை. எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலை, அழுக்கை உறிஞ்சி எடுக்கும் ஒரே சைஃபன் குழாய் என்று வைத்திருந்தால், உங்களிடம் இருப்பது ஆறு தொட்டி அல்ல, நோயைப் பொறுத்தவரை ஒரே தொட்டிதான். வெண்புள்ளி நோய் ஈரத்தோடு அடுத்த தொட்டிக்குப் போகும். மீனின் குடலில் வாழும் கமலானஸ் புழு அதைவிடத் தொல்லை: மீன் அசையாமல் நிற்கும்போது ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும், நீந்தினால் உள்ளே போய்விடும். குட்டி போடும் மீன்களில் இது அடிக்கடி வரும், தொட்டிக்குள் மீனுக்கு மீன் நேரடியாகவும் பரவும். லெவாமிசோல் என்ற புழு மருந்துக்குக் கேட்கும், ஆனால் மருந்து புழுவை மயக்கித்தான் தள்ளுகிறது, ஆகவே அடித்தளத்தை உறிஞ்சிச் சுத்தம் செய்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி மருந்து போட வேண்டும். ஒரு தொட்டியில் கண்டால், வலை பகிர்ந்த எல்லாத் தொட்டிக்கும் அதுதான் வைத்தியம். அதற்குத் தொட்டிக்கொரு வலை வாங்குவது எவ்வளவோ மேல். முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிடுங்கள். புது மீனை நான்கு வாரம் தனியே வையுங்கள், அந்தத் தொட்டி வேலையைக் கடைசியில் செய்யுங்கள்.

ஜாவா மாஸ் என்ற பாசிச் செடியைப் பிய்த்து அடுத்த தொட்டியில் போடும்போதும் இதே கவனம். அரை அங்குலம்கூட இல்லாத குட்டி ஒன்று அதற்குள் ஒளிந்துபோய், இரண்டு மாதத்தில் வேறு ரகத்தின் தகப்பனாக நிற்கும்.

சினைப் பெண்ணைக் கடைசி நேரத்தில் பிரீடிங் பாக்ஸில் (குட்டி போடுவதற்கான சிறு பெட்டி) அடைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அதிர்ச்சியில் மஞ்சள் கரு ஒட்டிய குறைமாதக் குட்டிகள் விழும், சில சமயம் தாயும் போய்விடும். சினைக்காலம் ஏறக்குறைய நான்கு வாரம். இடம் மாற்றுவதானால் பாதியிலேயே மாற்றுங்கள். அதைவிட எளிது, செடிகளை அடர்த்தியாக விடுவது.

புதுத் தொட்டியில் குட்டிகளை விடும் அவசரமும் அப்படித்தான். அம்மோனியாவைச் சமாளிக்கும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நோயில்லாத பழைய தொட்டியில் எப்போதும் ஒரு உபரி ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு வைத்திருந்தால், அந்த பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும்; தேவைப்படும் நாளில் அப்படியே தூக்கி வைக்கலாம். தொட்டி விட்டுத் தொட்டி போக வேண்டியது இது ஒன்றுதான்.

ஒரே ஏர் பம்பில் பல தொட்டிகள் ஓடினால், பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு போடுங்கள். கரண்ட் போனால் தண்ணீர் பின்னோக்கி ஏறும். அலமாரி வாங்குமுன் எடையையும் கணக்குப் பாருங்கள்: 60 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 60 கிலோ.

எல்லாத் தொட்டியிலும் குட்டி எடுக்க வேண்டும் என்ற ஆசைதான் கடைசியில் ஆளைச் சாய்க்கிறது. ஒரு தொட்டியை ஆண்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். நிறமும் இருக்கும், பெருக்கமும் இருக்காது. மிஞ்சியவற்றை வளர்ப்பவர்களுக்குக் கொடுங்கள். குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். கொசுவைத் தின்னும் என்று விடப்பட்ட கப்பி பல நாடுகளின் நீர்நிலைகளில் பரவி, அங்கிருந்த சிறு மீன்களுக்குப் போட்டியாக நிற்கிறது.