சின்ன அறைக்கு எந்தத் தொலைக்காட்சி? அம்மாவின் கட்டிலிலிருந்து ஒரு கணக்கு

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். சாப்பாட்டு மேசை, இரண்டு கதிரைகள், அம்மாவின் கட்டில் எல்லாம் ஒரே அறையில். முதலில் 43 அங்குலத் தொலைக்காட்சி வாங்கினோம். கடையின் நீளமான சுவரில் அது சின்னதாகத்தான் தெரிந்தது. வீட்டில் கட்டிலிலிருந்து பார்த்த அம்மாவுக்கு இரண்டே நாளில் கழுத்து வலித்தது. அதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு 32 அங்குலத்துக்கு மாறினோம். முதல்முறை வாங்குபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன், வீட்டில் அதிக நேரம் தொலைக்காட்சி பார்ப்பவர் யார் என்று யோசியுங்கள். அவருடைய கண்ணிலிருந்து திரை வரப்போகும் இடம் வரை அளவுநாடாவைப் பிடியுங்கள். அந்தத் தூரம்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

பெட்டியில் எழுதியிருக்கும் அங்குலம் திரையின் மூலைவிட்டம். அதை 1.6 ஆல் பெருக்கினால் படம் பார்க்க வசதியான தூரம் அங்குலத்தில் ஏறக்குறைய வந்துவிடும். 32 அங்குலத்துக்கு 1.3 மீற்றர், 43 அங்குலத்துக்கு 1.75 மீற்றர். எங்கள் வீட்டில் இருந்ததோ ஒன்றரை மீற்றருக்கும் குறைவு. செய்தியும் நாடகமும் மட்டும் பார்ப்பவர்கள் இன்னும் தள்ளி இருந்தாலும் குறையில்லை.

அடுத்தது சுவர். 24 அங்குலத் திரை 53 சென்ரிமீற்றர் அகலமும் 30 உயரமும் கொண்டது. 32 அங்குலம் 71க்கு 40. 43 அங்குலம் 95க்கு 54. விளிம்புக்குச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய வீரகேசரித் தாள்களை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். அலுமாரிக் கதவு இடிக்கிறதா, மின்விசிறிக் காற்று மறிக்கப்படுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

கடலைப் பார்த்த சன்னலுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். மாலை வெயில் திரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். உப்புக்காற்று உலோக இணைப்புகளுக்கும் ஆகாது.

படி 2: கடையில் பக்கவாட்டாக நில்லுங்கள்

சின்ன அறையில் எல்லோருக்கும் திரைக்கு நேரே இடம் கிடைக்காது. ஒருவர் கட்டிலில், ஒருவர் மேசையில், ஒருவர் தரையில் இருப்பார். விஏ வகைத் திரையில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் வகையில் பக்கப் பார்வை நன்றாக இருக்கும், இருட்டில் கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரியும். எங்கள் வீடு போன்ற வீட்டுக்கு நான் ஐபிஎஸ்ஸையே சொல்வேன். எந்த வகை என்று பெட்டியில் பெரும்பாலும் எழுதியிருக்காது. ஆகவே வீட்டில் கட்டில் இருக்கும் கோணத்திலேயே கடையிலும் நின்று பாருங்கள், குனிந்தும் பாருங்கள்.

கடையில் ஓடும் பளபளப்பான பூக்காட்சியை நிறுத்தி, தமிழ்ச் செய்தி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். படத்தின் பிரகாசத்தையும் சாதாரண நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். கீழே ஓடும் எழுத்தில் புள்ளியும் கொம்பும் தெளிவாகத் தெரிகின்றனவா? கண் மங்கிய முதியவர்களுக்கு இதைவிட நல்ல பரீட்சை இல்லை. 32 அங்குலத்தில் பல தொலைக்காட்சிகள் 1366க்கு 768 படப்புள்ளிகளே கொண்டவை. ஒன்றரை மீற்றருக்குள் பார்ப்பதானால் 1920க்கு 1080 உள்ளதைத் தேடுங்கள். இந்த அளவுக்கு, அதைவிட நுணுக்கமான 4கே தேவையில்லை.

படி 3: பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்

பியோ டிவி அல்லது டயலொக் கட்டணச் சேவையின் பெட்டிக்கு ஒரு எச்டிஎம்ஐ துளை (படமும் ஒலியும் ஒரே வயரில் வரும் துளை) போய்விடும். ஆகவே குறைந்தது இரண்டு வேண்டும். சுவரில் மாட்டுவதானால் துளைகள் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர்பின்னால் இருந்தால் வயர் சுவரில் இடிக்கும். தொடர்மாடிகளில் பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் நெரிபடுவதால், 5 கிகாஹேர்ட்ஸும் பிடிக்கிறதா என்று கேளுங்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அதே அறையில் இருந்தால், இயர்போன் துளை அல்லது புளூடூத் கட்டாயம் வேண்டும்.

படி 4: மின்சாரம்

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் தன் பழைய தொலைக்காட்சியைக் கொண்டுவந்து தருகிறேன் என்றால், முதலில் பின்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. லேபிளில் 100–240 என்று இல்லாவிட்டால் நேரடியாகச் செருகவே கூடாது. 240 வரை தாங்கினாலும், அங்குள்ள ஒளிபரப்பு முறை வேறு. அன்ரனாவில் ரூபவாஹினியோ நேத்ராவோ வராது. பெட்டி இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது உதவும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வரும். வானம் இருளத் தொடங்கும்போதே மின் பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் நிறுத்தினால் போதாது; வெளி அன்ரனாவின் வயர் வழியாகவும் மின்னல் வந்து சேரும்.

படி 5: மாட்டுவதும் கொண்டுவருவதும்

வாடகை வீடானால் துளையிடும் முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். திரையின் நடு, பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு வர வேண்டும். கதிரையில் இருப்பவருக்கு அது தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர். கட்டிலில் சாய்ந்து பார்ப்பவருக்காகச் சற்று மேலே மாட்டினால், கீழ்நோக்கிச் சரிக்கக்கூடிய தாங்கியாக வாங்குங்கள். தாங்கியின் துளை இடைவெளி தொலைக்காட்சியின் பின்துளைகளோடு பொருந்துகிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள்.

பணம் கட்டும் முன், உங்களுக்குத் தரப்போகும் அதே பெட்டியைத் திறந்து, தொலைக்காட்சியை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். திரை உடைந்தால் உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. 32 அங்குலப் பெட்டி முச்சக்கர வண்டியின் பின் இருக்கையில் அடங்கும். படுக்கவைக்காமல், நிமிர்த்திய வாக்கில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாருங்கள்.