தினசரி ஓடும் பிக்கப்புக்கு ஏ.டி. டயர் பார்த்து வாங்குவது எப்படி?

நாகர்கோவில் தார்ச்சாலையில் தினமும் ஓடி, எப்போதாவது குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டச் சேற்றில் இறங்கும் வண்டிக்கு சேற்றுக்கென்றே வரும் மட் டயர் வேண்டவே வேண்டாம், தார், மண் இரண்டுக்கும் பொதுவான ஏ.டி. (ஆல் டெரெய்ன்) போதும். அதிலும் நடுவில் ரப்பர் கட்டைகள் நெருக்கமாக, மேலே மெல்லிய வெட்டுகள் நிறைய இருப்பதை எடுங்கள். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. நனைந்த தாரில் பிடிப்பு கொடுப்பது அந்த வெட்டுகள்தான்.

அளவு கம்பெனி அளவே. அகலம் கூட்டினால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்கார்டில் உரசலாம், மைலேஜும் குறையும். லோடு எண்ணும் குறையக் கூடாது: 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். பக்கச்சுவரில் 2325 என்றிருந்தால் 2025-இன் 23-ஆம் வாரத் தயாரிப்பு. நான்கு டயரிலும் குனிந்து பாருங்கள்.

10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை முன்பின் இடம் மாற்றாவிட்டால் கட்டைகள் ரம்பப் பல்லாகத் தேய்ந்து இரையும். பேரிங் போய்விட்டது என்று நினைத்து அதைக் கழற்றிவிடாதீர்கள்.