கன்சோல் சண்டையிலும் ஆர்பிஜி பாகங்கள் பற்றிய வாதத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தக் கன்சோல் (வீடியோ கேம் ஆடுவதற்கான கருவி) சிறந்தது, ஒரு கேம் தொடரின் எந்தப் பாகம் சிறந்தது என்ற இரண்டு வாதங்களும் வீடியோ கேம் ஆடுபவர்களிடையே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாமல் நடந்துவருகின்றன. அவற்றில் ரசனை சார்ந்த பகுதிக்குத் தீர்ப்பு கிடையாது, தேவையும் இல்லை. ஆனால் வாதத்தின் பெரும்பகுதி ரசனையைப் பற்றியதே அல்ல. ஒருவர் கன்சோலின் திறனைப் பற்றிப் பேசுகிறார். மற்றவர் அந்தக் கன்சோலில் வந்த ஒரு கேமைப் பற்றிப் பேசுகிறார். மூன்றாமவர் அதே கேமின் வேறொரு பதிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு இருவரையும் மறுக்கிறார். எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை எழவே எழாது. அப்படிச் சொல்லாததால் நேரும் பிழைகளைப் பெரும்பாலும் ஜப்பானிய ஆர்பிஜிகளின், அதாவது கதைமாந்தரின் பாத்திரத்தை ஏற்று ஆடும் கேம்களின், வரலாற்றை வைத்தே இங்கு விளக்குகிறேன். கன்சோல் சண்டையும் பாகங்கள் பற்றிய சண்டையும் மிக நெருக்கமாகப் பின்னிக் கிடப்பது அங்கேதான்.

மிகப் பழைய பிழை, விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் எண்ணைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்வது. செகாவின் மெகா டிரைவ் ஏறத்தாழ 7.6 மெகாஹெர்ட்ஸ் வேகச் செயலியோடு வந்தது. சூப்பர் நின்டென்டோவின் செயலியோ அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடியது. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து ஒன்று மற்றதைவிட இரு மடங்கு வேகமானது என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த செயலிகள் என்பதும், ஒரே வேலையை முடிக்க மெகா டிரைவின் செயலிக்குப் பொதுவாகக் கூடுதல் சுழற்சிகள் தேவைப்பட்டன என்பதும் அந்தக் கணக்கில் வருவதில்லை. திரையில் ஒரே நேரத்தில் மெகா டிரைவ் 512 நிறங்களிலிருந்து 64 நிறங்களைக் காட்டியது; சூப்பர் நின்டென்டோ 32,768 நிறங்களிலிருந்து 256 வரை காட்டியது. வேகமாக ஓடும் ஆக்‌ஷன் கேம்களில் செகாவுக்கு இருந்த மேன்மையும் உண்மை; நிறமும் பின்னணி இசையும் கதையைத் தாங்கும் ஆர்பிஜிகளில் நின்டென்டோவுக்கு இருந்த மேன்மையும் உண்மை. செயலி ஒரே வீச்சில் கையாளும் தரவின் அளவைக் குறிக்கும் ‘பிட்’ கணக்கின் கதி இதைவிட மோசம். 1993-இல் வந்த அடாரி ஜாகுவார் தன்னை 64 பிட் என்று பறைசாற்றிக்கொண்டது. அதனுள் இருந்த சில்லுகளில் ஒன்று மெகா டிரைவில் இருந்த அதே 68000 வகை. அந்தக் கன்சோல் சந்தையில் நிற்கவே இல்லை.

அடுத்த தலைமுறையில் நின்டென்டோ 64, சோனியின் பிளேஸ்டேஷன் ஆகிய இரண்டையும் ஒப்பிடும்போதும் இதே பிழை வேறு வடிவில் தொடர்கிறது. முப்பரிமாணக் காட்சியைக் கணக்கிடுவதில் நின்டென்டோ 64 தெளிவாகவே முன்னேறியது; பிளேஸ்டேஷன் கேம்களில் சுவர்களும் தரைகளும் நெளிவதுபோல் தெரிவதற்குக் காரணமான குறை அதில் இல்லை. ஆனால் பரப்புகளின் மேல் போர்த்தும் படங்களுக்கான அதன் டெக்ஸ்சர் நினைவகம் வெறும் 4 கிலோபைட் என்பதால் பரப்புகள் மங்கிக் குழைந்து தெரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் கேம்கள் கார்ட்ரிட்ஜில், அதாவது கன்சோலில் செருகும் சில்லுப் பெட்டியில், வந்தன. மிகப் பெரிய கார்ட்ரிட்ஜின் கொள்ளளவே 64 மெகாபைட்; ஒரு குறுந்தகடோ ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும். 1997 ஜனவரியில் ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 மூன்று குறுந்தகடுகளை நிரப்பியது. அந்தத் தொடரை உருவாக்கிய ஸ்கொயர் நிறுவனம் நின்டென்டோவை விட்டு சோனியிடம் சென்றதற்கு இந்தக் கொள்ளளவு முக்கியக் காரணம்.

இங்கே இரு தரப்பும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. பிளேஸ்டேஷன் ரசிகர்கள் இதைத் தங்கள் கன்சோலின் திறனுக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த மூன்று தட்டுகளில் பெரும் இடத்தை எடுத்துக்கொண்டவை முன்கூட்டியே தயாரிக்கப்பட்ட வீடியோக் காட்சிகள். அவற்றை உருவாக்கியது கன்சோல் அன்று, ஸ்கொயரின் கணினிகள். நின்டென்டோ ரசிகர்களோ கார்ட்ரிட்ஜில் ஏற்றுநேரக் காத்திருப்பு இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு, நீண்ட ஆர்பிஜிகளை உருவாக்கிய நிறுவனங்கள் ஏன் ஒவ்வொன்றாக விலகின என்பதைப் பேசாமல் விடுவார்கள். ஒரு கன்சோலில் நல்ல ஆர்பிஜிகள் மிகுதியாக இருப்பதற்கு ஊடகத்தின் விலை, தயாரிப்புக்கு ஆகும் காலம், உரிம ஒப்பந்தம் எல்லாம் காரணமாகின்றன. எனவே ‘இந்தக் கன்சோலில் நல்ல கேம்கள் வந்தன’ என்பதும் ‘இந்தக் கன்சோல் திறன் மிக்கது’ என்பதும் இரண்டு தனித்தனிக் கூற்றுகள். ஒன்றை நிறுவிவிட்டு மற்றதையும் நிறுவிவிட்டதாக எண்ணக் கூடாது.

விற்பனை எண்ணிக்கையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிளேஸ்டேஷன் 2 பதினைந்து கோடிக்கும் மேல் விற்றது. அதைவிடத் திறன் கூடிய, நின்டென்டோவின் கேம்கியூப் இரண்டு கோடியே பதினேழு லட்சத்தோடு நின்றது. இதிலிருந்து எந்தக் கன்சோல் பலருடைய வீட்டில் இருந்தது என்பது மட்டுமே தெரியும்.

சொந்த நாட்டுச் சந்தையை உலகமாக எண்ணுவது பலர் அறியாமலே செய்யும் தவறு. செகா சாட்டர்னில் ஆர்பிஜிகளே இல்லை என்று ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து வரும் கூற்றை நாமும் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் அந்தக் கன்சோல் தோற்றது உண்மைதான். ஜப்பானில் அது நின்டென்டோ 64-ஐவிடக் கூடுதலாக விற்றது. கிராண்டியா 1997-இல் முதலில் சாட்டர்னில்தான் வந்தது. அந்தப் பதிப்பு ஜப்பானுக்கு வெளியே போகவே இல்லை, வெளிநாட்டவர் கண்டது பின்னால் வந்த பிளேஸ்டேஷன் பதிப்பை. ஷைனிங் ஃபோர்ஸ் 3 மூன்று பகுதிகளாக வந்தது. முதல் பகுதி மட்டுமே வெளிநாடுகளுக்குக் கிடைத்தது. கதையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஆடியவர் அது முடிவில்லாத கதை என்று குறை சொன்னால், அந்தக் குறை அவருக்குக் கிடைத்த பொருளைப் பற்றியதே தவிர, கேமைப் பற்றியது அன்று.

பாகங்களைப் பற்றிய வாதத்துக்கு வந்தால், எண் வரிசையைக் கதையின் தொடர்ச்சியாக எண்ணுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஃபைனல் ஃபேன்டஸியில் எண் ஏறும்போதெல்லாம் உலகமும் மாந்தர்களும் மாறிவிடுவார்கள். 2001-இல் வந்த பத்தாம் பாகத்தின் கதையை நேரடியாகத் தொடரும் கேம் 2003-இல் வந்த 10-2 தான், பதினொன்றாம் பாகம் அன்று. அந்தப் பதினொன்று முழுக்க இணையவழியில் ஆடும் வேறு வகைக் கேம். ஆகவே ‘எட்டாம் பாகம் ஏழாம் பாகத்தின் கதையைக் கெடுத்துவிட்டது’ என்ற குறையில் பொருளே இல்லை. மாறாக, பதின்மூன்றாம் பாகத்தின் கதையைத் தொடரும் 13-2 தனக்கு முந்தைய கதையை எப்படிக் கையாண்டது என்று கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. இரண்டு வகை அடுத்த பாகங்களுக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த முடியாது.

எண்களே குழம்பிக் கிடந்த காலமும் உண்டு. இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் பாகங்கள் அன்று அமெரிக்காவுக்குச் செல்லாததால், 1991-இல் நான்காம் பாகம் அங்கே ‘ஃபைனல் ஃபேன்டஸி 2’ என்றும், 1994-இல் ஆறாம் பாகம் ‘ஃபைனல் ஃபேன்டஸி 3’ என்றும் விற்கப்பட்டன. அதனால்தான் அக்கால அமெரிக்க இதழ்களில் மூன்றாம் பாகத்தைப் புகழும் கட்டுரை உண்மையில் ஆறாம் பாகத்தைப் பற்றியதாக இருக்கும். பழைய மதிப்பீடுகளை மேற்கோள் காட்டுவோர் எந்த நாட்டு எண் என்று பார்க்காமல் காட்டினால், 1990-இல் நின்டென்டோவின் முந்தைய கன்சோலான ஃபேமிகாமில் வந்த உண்மையான மூன்றாம் பாகத்துக்கு அதற்கு உரிமையில்லாத புகழ் சேர்ந்துவிடும்.

ஒரு பாகத்தை முந்தைய பாகத்துக்கான எதிர்வினையாகவே வாசிப்பது இன்னொரு பழக்கம். எட்டாம் பாகத்தை ரசிகர்கள் ஏற்காததால்தான் ஒன்பதாம் பாகத்தில் பழைய மாயாஜால உலகத்துக்குத் திரும்பினார்கள் என்ற கதை எவ்வளவு அழகாகப் பொருந்துகிறதோ, அவ்வளவு தவறானது. ஒன்பதாம் பாகத்தின் உருவாக்கம் எட்டாம் பாகம் முடியும் முன்பே தொடங்கிவிட்டது. எட்டை இயக்கியவர் யோஷினோரி கிட்டாசே. ஒன்பதை இயக்கியவர் ஹிரோயுகி இட்டோ. இந்த இருவருமே ஆறாம் பாகத்தைச் சேர்ந்து இயக்கியவர்கள். தொடர் என்பது ஒரே மனிதர் தம் முந்தைய நூலைப் படித்துப் பார்த்து அடுத்ததை எழுதுவது போன்றதன்று. பல குழுக்களின் வேலை ஒன்றன்மேல் ஒன்று படிந்து நடக்கிறது. எந்தக் குழு, எப்போது தொடங்கியது என்று பார்க்காமல் ‘அவர்கள் பாடம் கற்றார்கள்’, ‘அவர்கள் ரசிகர்களை மறந்தார்கள்’ என்றெல்லாம் சொல்வது வெறும் ஊகம். இதோடு ஒட்டியது, கன்சோலின் தொடக்க காலக் கேமையும் இறுதி காலக் கேமையும் அருகருகே வைத்துப் படைப்பாளிகளின் திறமையை அளப்பது. ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்றும் ஒரே பிளேஸ்டேஷனில் வந்தவை. ஏழில் கட்டைவிரல் பொம்மைகள்போல் இருந்த மாந்தர்கள் எட்டில் இயல்பான உடலமைப்போடு வந்ததற்குக் கருவியைப் பற்றிக் கூடியிருந்த அனுபவமும் ஒரு காரணம். ஆனால் காட்சியழகு மட்டும் போதுமானதாகவும் இல்லை: அதே கன்சோலில் 2000-இல் வந்த டிராகன் குவெஸ்ட் 7 தோற்றத்தில் தன் காலத்துக்குப் பின்தங்கியே இருந்தது, ஜப்பானில் அது நாற்பது லட்சத்தை ஒட்டி விற்றது.

இனி வருவது என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய பிழை: பதிப்பைக் குறிப்பிடாமல் வாதிடுவது. ஃபைனல் ஃபேன்டஸி 7-இல் எமரால்டு வெப்பன், ரூபி வெப்பன் என்ற இரண்டு கடினமான எதிரிகள் ஜப்பானின் முதல் வெளியீட்டில் இல்லை. வட அமெரிக்கப் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டார்கள். பத்தாம் பாகத்தின் டார்க் ஏயான்கள் என்ற கடினமான எதிரிகள் நேர்மாறானவர்கள்: அமெரிக்காவின் பழைய பிளேஸ்டேஷன் 2 பதிப்பில் அவர்களைக் காண முடியாது, ஐரோப்பியப் பதிப்பில் காணலாம். ‘இறுதியில் சவாலே இல்லை’ என்று ஒருவரும் ‘சவால் அளவுக்கு மீறியது’ என்று இன்னொருவரும் சொல்லும்போது, இருவருமே உண்மை பேசியிருக்கலாம்.

டேல்ஸ் ஆஃப் சிம்ஃபோனியா என்ற ஆர்பிஜி இதற்கு இன்னும் நல்ல சான்று. 2003-இல் கேம்கியூபில் வந்தபோது அது நொடிக்கு 60 படச் சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடியது. மறு ஆண்டு ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தபோது கூடுதல் உள்ளடக்கம் சேர்ந்தது, சட்ட எண்ணிக்கையோ 30 ஆகக் குறைந்தது. பின்னாளைய மறுவெளியீடுகள் எல்லாம் இந்த இரண்டாம் பதிப்பின் வழியில் வந்தவை. சண்டை மந்தமாக இருக்கிறது என்று இன்று கணினியில் ஆடும் ஒருவர் சொன்னால், கேம்கியூபில் ஆடியவருக்கு அது புரியவே புரியாது. 1995-இல் சூப்பர் நின்டென்டோவில் வந்த க்ரோனோ டிரிகர் பிளேஸ்டேஷனுக்கு மாற்றப்பட்டபோது ஏற்றுநேரத்தால் தடுமாறியதும் இதே வகை. நம்மில் பலர் இக்கேம்களை வெளிவந்த ஆண்டில், வெளிவந்த கன்சோலில் ஆடியவர்கள் அல்லர். எமுலேட்டரிலோ (பழைய கன்சோலைப்போல் செயல்படும் மென்பொருள்), கைப்பேசியிலோ, பின்னால் மெருகேற்றி வந்த ரீமாஸ்டரிலோ ஆடியவர்கள். அதைச் சொல்வதில் குறைவொன்றும் இல்லை, சொல்லாமல் விடுவதுதான் குழப்பம்.

கன்சோலும் அடுத்த பாகமும் ஒன்றையொன்று பாதித்த இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். மாஸ் எஃபெக்ட் என்ற ஆர்பிஜி தொடரில் முதல் பாகத்தில் நாம் எடுத்த முடிவுகள் சேமிப்புக் கோப்பின் வழியே இரண்டாம் பாகத்துக்கு வரும். 2011 ஜனவரியில் இரண்டாம் பாகம் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தபோது முதல் பாகம் அதில் இல்லை. 2012 டிசம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கன்சோல்காரர்கள் ஒரு சித்திரக்கதையில் சில முடிவுகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள். பழைய தோழர்களின் வருகை நெஞ்சைத் தொட்டதா இல்லையா என்று எக்ஸ்பாக்ஸ் 360-இல் முதல் பாகத்தை முழுக்க ஆடியவரோடு இவர்கள் வாதிட்டது வீண் வேலை.

ஸ்கைரிம் என்ற ஆர்பிஜி மறுபுறத்துக்கு, அதாவது ஒரு கேமை வைத்துக் கன்சோலையே எடைபோடுவதற்கு, எடுத்துக்காட்டு. 2011-இல் பிளேஸ்டேஷன் 3-இல் சேமிப்புக் கோப்பு பெரிதாகப் பெரிதாக அது திணறியது. டான்கார்டு என்ற விரிவாக்கம் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 2012 ஜூனில் வந்தது, பிளேஸ்டேஷன் 3-க்கு 2013 பிப்ரவரி வரை வரவில்லை. எக்ஸ்பாக்ஸின் 512 மெகாபைட் நினைவகம் ஒரே தொகுப்பாக இருந்ததும், பிளேஸ்டேஷன் 3-இல் அது 256 வீதம் இரண்டாகப் பிரிந்திருந்ததும் மெய். ஆனால் இந்த ஒரு கேமைக் கொண்டு பிளேஸ்டேஷன் 3 ஆர்பிஜிகளுக்கு ஆகாது என்றவர்கள், ஃபைனல் ஃபேன்டஸி 13 அதில் ஒரே ப்ளூ-ரே தட்டில் கூடிய தெளிவோடு வந்ததையும், எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று டிவிடிகளில் குறைந்த தெளிவோடு வந்ததையும் மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு கேமும் முதலில் எந்தக் கன்சோலை மனத்தில் கொண்டு கட்டப்பட்டதோ, அதில்தான் இயல்பாக ஓடும்.

இணையம் வழியே திருத்தங்கள் வரத் தொடங்கிய பிறகு, எந்த ஆண்டுக் கேம் என்பதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இணையவழிக் கேமான ஃபைனல் ஃபேன்டஸி 14, 2010-இல் வெளியானபோது தோல்வியுற்றது. 2013-இல் ஏறத்தாழ புதிதாகவே எழுதப்பட்டு மறுபடியும் வந்தது. 2010-ஆம் ஆண்டு மதிப்புரைகளை எடுத்துக்கொண்டு இன்று அதைத் தாழ்த்துபவரும், இன்றைய நிலையை வைத்துக்கொண்டு அன்றைய விமர்சகர்கள் அவசரப்பட்டார்கள் என்பவரும் ஒரே பெயர் தாங்கிய இரண்டு வெவ்வேறு கேம்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அவற்றில் முதலாவதை ஆடிப் பார்க்க இப்போது வழியும் இல்லை, அதன் சர்வர்கள் 2012 நவம்பரிலேயே மூடப்பட்டுவிட்டன.